அவளுக்குப் பள்ளி, உனக்கு வீடு

தினேஷ், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். அப்படிக் கேட்டால் நீ போனில் “ம்” என்று ஒற்றை எழுத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வாய். அதனால் நேராகவே வருகிறேன். சின்னசேலம் ஸ்டேஷனில் சேலம் வண்டி வந்து நின்றபோது, அப்பா உன் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். நீ வாசலில் நின்று என் பக்கம் திரும்பினாய். கேட்கலாமா வேண்டாமா என்று உன் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டுவிட்டாய். “அவளை மட்டும் ஸ்கூலுக்கு அனுப்புன. என்னை ஏம்மா வூட்ல வச்ச? எ... எ... என்மேல நம்பிக்கை இல்லியா?” நீ கேட்டு முடிக்கவும் அப்பா குதித்து இறங்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. நான் கையை ஆட்டினேன். உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பே ஏறிவிட்ட வண்டியில் நீ இப்போது ஏறிப் போகிறாய். நான் ஒரு பதிலும் சொல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் மறைத்து எழுதும் கடிதம் இல்லை. நீ கிளம்பிய மறுநாள்கூட ஒரு அம்மா கச்சிராயபாளையத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், ஒன்பதாவது வரப்போகிறதாம். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் எந்தப் பாடத்திட்டம் நல்லது, இரண்டு பேருக்கும் ஒன்றையே எடுக்கலாமா என்று கேட்டாள். அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேனே தவிர, வாயைத் திறக்க முடியவில்லை. இதை எழுதி முடித்தால் அவளுக்கும் கொடுப்பேன். வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன்.

தொடக்கம் உனக்கு நினைவிருக்கும், ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து பார்த்த தொடக்கம் மட்டும். கொரோனாவில் பள்ளி மூடியபோது நீ ஏழாவதுக்கு வந்திருந்தாய், உன் தங்கை சௌமியா ஆறாவது. கூடத்தில் பாயை விரித்து உங்கள் இருவருக்கும் நான் பாடம் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம் டியூஷன் எடுத்ததைத் தவிர நான் எங்கும் வேலை பார்த்ததில்லை. படித்த கணக்கு இப்போதுதான் பயன்படுகிறது என்று எனக்கே ஒரு பெருமை. அதைவிடப் பெரிய விஷயம், நீ பேசினாய். வீட்டில் உனக்குத் திக்கினாலும் நீ அதைப் பொருட்படுத்துவதில்லை. சௌமியாவிடம் பேசும்போது திக்கவே திக்காது. இரண்டு பேரும் மரவள்ளிக் கொல்லைக்குள் பேசிக்கொண்டு போனால் குரல் எது உன்னுடையது, எது அவளுடையது என்று வரப்பில் நிற்பவருக்குத் தெரியாது. பிறகு பள்ளி திறந்தது. திறந்த முதல் மாதத்திலேயே வகுப்பில் உன்னை எழுப்பித் தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாய். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் உன்னைப் போலவே செய்து காட்டினான். வகுப்பு சிரித்தது. வாசிக்கச் சொன்னவரும் சிரித்தார். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. நீ எதையுமே சொல்லவில்லை. அன்றிலிருந்து பல நாள் வீட்டில்கூட உன் குரல் கேட்கவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தள்ளுவாய், போதும் என்றால் கையால் மூடுவாய். நான் எவ்வளவு பயந்தேன் என்று உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சொன்னது சௌமியாதான். அதுவும் அவளாகச் சொல்லவில்லை. வேனில் அந்தப் பையன் மறுபடியும் உன்னைப் போலச் செய்து காட்டியபோது அவன் கையைப் பிடித்துக் கடித்துவிட்டாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே போய் நின்றபோதுதான் முழுக் கதையும் வந்தது. திரும்பி வரும் வழியில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். “ரெண்டு பேரும் வூட்லயே இருக்கட்டும். நீதான் கணக்கு படிச்சிருக்கியே, சொல்லிக் குடு. பாத்துக்கலாம்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அடுத்த வாரமே இரண்டு பேருடைய டி.சி.யையும் வாங்கிவிட்டோம். உனக்காக உன்னை எடுத்தோம். உனக்குத் துணையாக அவளை எடுத்தோம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் எட்டாம் வகுப்புப் புத்தகத்தையே அவளுக்கும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பிள்ளைக்கும் ஒரே பாடம் என்றால் எனக்கும் சமையலுக்கும் மாட்டுக்கும் நடுவே சமாளிக்க முடியும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ஏற்பாடு நன்றாகத்தான் போனது. ஆனால் எட்டாவது வரைக்கும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒன்பது, பத்து என்று வரும்போதுதான் வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தக் கோடையில் நான் விசாரிக்காத இடமில்லை. கள்ளக்குறிச்சியில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைக்கு ஒரு பள்ளிக்குப் போய் வகுப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த அலுவலர் நல்ல மனிதர். “இன்னா மேடம், ஊரு ஊருக்கு ஸ்கூல் கட்டி வச்சிருக்கோம், வூட்ல வச்சி எதுக்கு கஷ்டப்படுறீங்க?” என்று கேட்டார். உன்னைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். சேலத்தில் ஒரு தோழி திறந்தநிலைப் பள்ளி பற்றிச் சொன்னாள். பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், பயம் தருவதை விட்டுவிடலாம், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு மட்டும் எழுதலாம். கேட்கும்போதே உனக்கென்று செய்ததுபோல இருந்தது. ஆனால் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால், பள்ளியில் தேறாத பிள்ளைகள் போகிற இடம் என்றுதான் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவும் ஒரே கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்கள். அவர் முகம் கோணினால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. நீயும் சௌமியாவும் மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தீர்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே பேசினார். “ஆம்பளப் புள்ள, அவன எப்புடியோ வச்சிக்க. பொண்ண எதுக்குடா வூட்ல வச்சிக்கினு கீற? ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? படிப்ப நிறுத்திட்டாங்க, எடம் பாக்குறாங்க போலன்னு பேசிக்கிறாங்க. சின்னசேலத்துல ஒருத்தர் என்கிட்டயே கேட்டுட்டாரு. நல்ல குடும்பம். இப்பவே பண்ணச் சொல்லல. பேசி வச்சிக்கலாம்ல?” அவளுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட முடியவில்லை. “மாமா, அவ படிச்சிக்கினுதான் இருக்கா” என்றேன். “எங்கம்மா படிக்கிறா? அடுப்பங்கரைல உக்காந்து படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?” என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

பெரியப்பா போன பிறகு எங்களுக்குள் நடந்த சண்டை உங்கள் காதில் விழுந்திருக்கும். எதைப் பற்றி என்று தெரிந்திருக்காது. “ரெண்டு பேரையும் மறுபடி ஸ்கூல்ல போட்டுடு. முடிஞ்சுது கதை” என்றார் அப்பா. “இவனை அங்க போட்டா மறுபடியும் வாயே தெறக்க மாட்டான். அந்த ஒரு மாசத்த நீங்க மறந்துட்டீங்களா?” என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. “பொண்ண இங்கயே வச்சா, அவளை வாயத் தெறக்க வுடாம பண்ணிடுவாங்க. அத நீ பாக்கல” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருவருக்கும் பொருந்துகிற ஒரே பாடத்திட்டம் எங்கேயோ இருக்கிறது, நான் இன்னும் சரியாகத் தேடவில்லை என்றே நம்பினேன். உங்கள் இருவரையும் பிரிக்கிற யோசனை அப்போது எனக்கு வரவே இல்லை.

அதற்காகத்தான் வெள்ளிமலைக்குப் போனோம். மரவள்ளி விதைக்குச்சி பார்க்கப் போகிறோம் என்று உங்களிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது சென்னையிலிருந்து மலைக்குக் குடிவந்த அந்தத் தம்பதியைப் பார்ப்பது. அவர்கள் தங்கள் மகனை வீட்டில் வைத்து வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீ அப்பாவோடு குச்சி பார்க்கப் போய்விட்டாய். சௌமியா வராந்தாவில் அந்தப் பையனோடு உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய், தேநீர் போட்டுக்கொண்டே பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். புத்தகங்கள் பளபளவென்று இருந்தன. எல்லாம் இங்கிலீஷ். தேர்வெழுதப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். “உங்க பசங்களுக்கு இங்கிலீஷ் எப்படிங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன்.

அந்தப் பையன் தன் கணக்குப் புத்தகத்தைச் சௌமியாவிடம் காட்டிக்கொண்டிருந்தான். நம் வீட்டில் நான் இன்னும் தொடாத இயற்கணிதம் அது. அவள் இங்கிலீஷில் இருந்ததை உதட்டை அசைத்து ஒருமுறை படித்தாள். பிறகு பென்சிலை வாங்கி மளமளவென்று போட ஆரம்பித்தாள். அடுத்தது, அதற்கு அடுத்தது. அந்தப் பையன் விடைப் பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினான். நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். இந்தப் பெண் ஒரு வாரம் முன்புதான் என்னிடம் இதைவிடச் சின்னக் கணக்கைப் பார்த்து “தெரியலம்மா” என்று சொன்னவள். அப்போது நீயும் அப்பாவும் குச்சிக் கட்டோடு படியேறி வந்தீர்கள். நானும் வெளியே வந்தேன். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புத்தகத்தை மூடிவிட்டாள். “இன்னா போட்டுக்கினு இருந்த?” என்று நீ கேட்டாய். “ஒண்ணும் புரியலண்ணா” என்றாள்.

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் நீ அப்பாவோடு முன்னால் உட்கார்ந்தாய். அவள் என் பக்கத்தில். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வழக்கமாகத் தலைசுற்றும். அன்று அதுகூடத் தெரியவில்லை. “தெரிஞ்சிக்கினே ஏண்டி தெரியலன்னு சொன்ன?” என்று அவள் காதருகில் கேட்டேன். அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த உன் பின்தலையைப் பார்த்தாள். “அண்ணன் முன்னாடி கேக்காதம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நானே புரிந்துகொண்டேன். உன்னை முந்திப் போய்விடக் கூடாது என்று அவள் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் தனியாகிவிடுவான் என்று பயப்படுகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பாடம் என்று நான் போட்ட கட்டு அவள் காலில் கிடக்கிறது. கச்சிராயபாளையம் வருவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். அவளுக்குப் பள்ளி. உனக்கு வீடும் திறந்தநிலைப் பள்ளியும்.

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. குழம்பு ஊற்றிக்கொண்டே, ஏதோ சந்தைக்குப் போகிற விஷயம் போலச் சொன்னேன். “சௌமி நாளையிலருந்து கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போறா. நீ வூட்லயே ஓபன் ஸ்கூல் படி.” நீ சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “ஏ... ஏ... ஏ...” என்று தொடங்கினாய். நம் வீட்டுக்குள், நம் நான்கு பேருக்கு நடுவே, நீ அவ்வளவு நேரம் ஒரு எழுத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சௌமியா அழ ஆரம்பித்தாள். “நான் போவல. நான் போவமாட்டேன். என்னைக் கேட்டியா நீ?” என்று தட்டைத் தள்ளினாள். உனக்காக அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, எப்படிப்பட்ட பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று. அதனால் அவள் அழுகையைக் கேட்டும் இறங்கவில்லை. மறுநாள் அவளைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

உனக்கு ஏன் காரணம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், உன் தங்கை உனக்காக மக்குபோல நடிக்கிறாள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வேன்? வகுப்பு சிரித்ததைவிட அது உன்னை அதிகம் வெட்டியிருக்கும் என்று நினைத்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீயோ வேறு காரணத்தை நீயே எழுதிக்கொண்டாய். அவள் தேறுவாள், நீ தேறமாட்டாய் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள் என்று. அதற்கு நான் செய்த அடுத்த காரியமும் துணை போனது. உனக்கான பாடங்களை நானே தேர்ந்தெடுத்தேன். அறிவியலில் செய்முறைத் தேர்வு, அங்கே கேள்வி கேட்பார்கள், வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று அதை விட்டேன். கணக்கில் நீ வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதுவாய், மதிப்பெண் போகும் என்று அதையும் விட்டேன். “கணக்கு இருக்கட்டும்மா” என்று நீ ஒருமுறை சொன்னாய். “மொதல்ல பாஸாவு” என்றேன். நீ பாஸானாய். நல்ல மதிப்பெண்தான். பிறகு அப்பாவோடு பாலிடெக்னிக்கில் சேரப் போனாய். கணக்கும் அறிவியலும் இல்லாமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று நீ பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, டிராக்டர் கொட்டகைக்குப் போய் அந்தி சாயும்வரை வரவே இல்லை. நான் தேடி வரவில்லை. வந்தால் என்ன சொல்வது?

பயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கதவையெல்லாம் நான் சாத்தினேன், தினேஷ். உனக்கு வேண்டிய வழியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. கச்சிராயபாளையத்து அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறதென்றால் இதுதான் இருக்கிறது. பிள்ளை எதைக் கண்டு நடுங்குகிறான் என்று பார்த்துப் பாடம் எடுக்காதே, எங்கே போக ஆசைப்படுகிறான் என்று கேட்டு எடு. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நீ காட்டித்தான் தெரிந்தது. யாரையும் கேட்காமல் நீயே கணக்கையும் அறிவியலையும் கூடுதலாக எழுத விண்ணப்பித்தாய். செய்முறைத் தேர்வுக்கு விழுப்புரம் போனபோது நான் உடன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாய். நான் கேட்காமல் வந்தேன். மரத்தடியில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். உன்னோடு உள்ளே போனவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நீ வரவில்லை. எழுந்து வாட்ச்மேனிடம் போய்க் கேட்கலாமா என்று நினைத்தபோது நீ வந்தாய். சட்டை முதுகு நனைந்திருந்தது. “எல்லாத்துக்கும் ப... பதில் சொன்னேம்மா. நேரமாச்சு. கேள்வி கேட்டவரு காத்துக்கினு இருந்தாரு” என்றாய். நான் இத்தனை வருடத்தில் உனக்குச் செய்யாததை, பெயர் தெரியாத யாரோ ஒருவர் செய்திருக்கிறார். காத்திருந்திருக்கிறார்.

இவ்வளவும் உன்னிடம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான் பேனாவை எடுத்தது இதற்காக மட்டும் இல்லை. சௌமியா பள்ளிக்குப் போன வாரத்திலிருந்து நீ அவளிடம் திக்க ஆரம்பித்தாய். அதுவரை அவள் ஒருத்தியிடம்தான் உனக்குத் திக்காமல் இருந்தது. பிறகு அவளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கு நீ போனில் மெசேஜ் அனுப்புவாய், “சாப்பிட வா” என்று. அவள் பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று நீ தலையை மட்டும் ஆட்டினாய். நீ கிளம்பும்போது அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, பள்ளியில் தேர்வு என்று சொன்னாள். தேர்வு இல்லை. எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தில் நான் செய்த தவறை நீ உன் உழைப்பில் சரிசெய்து, பாலிடெக்னிக்கிலும் சேர்ந்துவிட்டாய். இந்த இன்னொன்றை உன்னால் தனியாகச் செய்ய முடியாது. உன் தங்கை உனக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்தாள் என்று தெரிந்தால் உன் கோபம் இளகும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வெள்ளிமலைக் கதையை இத்தனை வருடம் கழித்து எடுத்தேன்.

இந்த இடம் வரை எழுதிவிட்டு, இது அவளைப் பற்றியதும்தானே என்று நேற்று அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்து, “இதெல்லாம் தப்பும்மா” என்றாள்.

“எது தப்பு?”

“நான் அண்ணனுக்காக ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கல. எனக்கு ஸ்கூலுக்குப் போவ பயமா இருந்துச்சு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னாள். அந்தப் பையனைக் கடித்த பிறகு வேனில் அவளுக்கு நாய் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அவள் ஏறும்போதெல்லாம் குரைப்பார்களாம். வகுப்பிலும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். டி.சி. வாங்கும்வரை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போயிருக்கிறது. “நீங்க எல்லாம் அண்ணன பாத்துக்கினு இருந்தீங்க. எங்கிட்ட யாரும் கேக்கல. நான் நல்லா படிக்கிறேன்னு தெரிஞ்சா மறுபடியும் ஸ்கூல்ல போட்டுடுவன்னுதான் தெரியலன்னு சொன்னேன். பஸ்ல அண்ணன் முன்னாடி கேக்காதன்னு ஏன் சொன்னேன் தெரியுமா? அண்ணனுக்குத் தெரிஞ்சா உடனே, சௌமி பெரிய ஆளு, ஸ்கூலுக்கு அனுப்புன்னு உங்கிட்ட சொல்லிடும். அது எப்பவும் அப்புடித்தான என்னப் பத்தி சொல்லும்?” என்றாள்.

அந்த ஞாயிறு சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் அழுதது உனக்காக இல்லை, தினேஷ். அவளுக்காக அவள் அழுதாள். நான் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு அவளைச் சைக்கிளில் ஏற்றினேன். புதுப் பள்ளியிலும் யாராவது குரைப்பார்களோ என்று முதல் மாதம் முழுக்கப் பயந்துகொண்டே போனாளாம். யாரும் குரைக்கவில்லை. மெல்ல மெல்லத் தோழிகள் கிடைத்தார்கள். பெரியப்பாவும் அவள் சீருடையில் போவதைப் பார்த்தபின் சின்னசேலம் பேச்சை எடுக்கவில்லை. முடிவு நல்லதாகவே ஆனது. ஆனால் அது நான் நினைத்த காரணத்தால் ஆகவில்லை. பேருந்தில் அவள் சொன்ன ஒரு வரியை வைத்து மீதியை நானே கட்டிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக உட்கார வைத்து, “உனக்கு என்ன பயம், உனக்கு என்ன வேண்டும்” என்று கேட்டிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். கல்வி அலுவலகத்தைக் கேட்டேன், சேலத்தைக் கேட்டேன், மலைமேல் இருந்தவர்களைக் கேட்டேன். என் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த இருவரைக் கேட்கவில்லை.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அம்மா எப்படி யோசித்தாள் என்று நீ பார்க்க வேண்டும். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இதுதான்: எனக்கு உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நீ திக்கி நிற்பதைப் பார்க்கும் தைரியம்தான் எனக்கு இல்லை. உனக்காக யாரும் தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. நீ யாரையும் பிடித்து இழுத்து நிறுத்தவில்லை. இரண்டு பேரும் ஒரே பாயில், ஒரே பயத்தோடு, ஒருவருக்கொருவர் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள்.

குரைத்த கதை அண்ணனுக்குத் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். நான் எழுதிவிட்டேன், இனி தெரிந்துவிடுமே என்றேன். “அப்பன்னா மெசேஜ் வேணாம்னு சொல்லும்மா. போன் பண்ணச் சொல்லு. எவ்ளோ நேரமானாலும் பேசட்டும், நான் கட் பண்ணமாட்டேன்” என்றாள்.

வரும் ஞாயிறு அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள்.

அம்மா